பிணை கொடுக்கச் சொன்னது நானில்லை

பாராளுமன்ற உரைபெயர்ப்பாளருக்கு இருக்கக்கூடாத பொருட்கள் இரண்டு: ஒன்று சொந்த அபிப்பிராயம், மற்றது இருமல். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, காதால் சிங்களத்தை வாங்கி, சூடு ஆறுமுன் வாயால் தமிழாக விடுவது என் தொழில். மாமியார் சொன்னதை மனைவியிடமும் மனைவி சொன்னதை மாமியாரிடமும் கொண்டுபோய், இரண்டு பக்கத்தாலும் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களே, என் பாடு உங்களுக்குத்தான் விளங்கும். ஆனாலும் குறை சொல்ல வரவில்லை. குற்றவியல் சட்டத் திருத்தம் சபைக்கு வந்த அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நன்றிதான் சுரக்கிறது.

லிஃப்டில் ஒரு விசாரணை

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. உறுப்பினர் "நான்" என்றால் நாங்களும் "நான்" என்றே சொல்லவேண்டும். "அவர் சொல்கிறார்" என்று தள்ளி நிற்க முடியாது. காலையில் நான் பொலிஸாருக்கு அதிகாரம் கேட்கும் கனவான். தேநீருக்குப் பிறகு அந்த அதிகாரத்தைப் பிடுங்கச் சொல்லும் வேறொரு கனவான். திருத்தத்தில் சண்டைக்குரிய வாசகம் ஒன்றுதான் இருந்தது. குறித்த காலத்துக்குள் குற்றப்பத்திரம் வராவிட்டால், விசாரணை முடியாமல் விளக்கமறியல் சிறையில் கிடப்பவருக்கு நீதவான் பிணை கொடுக்கலாம் என்பது அது. ஒரு பக்கம் "இதுவல்லவோ நியாயம்" என்றது. மறுபக்கம் "கள்ளரைத் தெருவில் அவிழ்த்து விடுகிறீர்கள்" என்றது. இரண்டையும் நாடு முழுக்கக் கேட்கும்படி தமிழில் சொன்னது நான்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் எனக்குக் கீழ்வீடு இராஜேஸ்வரி அக்காவுடையது. சந்தைக்குப் போய்த் திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் அவரின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். ஆள் அகப்படவில்லை, கழுத்தில் தழும்பு மட்டும் மிச்சம். விவாதத்தைத் தொலைக்காட்சியில் தமிழ்க் குரலில் பார்த்திருந்த அக்கா, மறுநாள் காலை என்னை லிஃப்டுக்குள் மறித்தார்.

"பிள்ளை, என்ரை சங்கிலி போனது உமக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டும் அவங்களுக்குப் பிணை குடுக்கச் சொல்லுறீரே!"

"அக்கா, அது நானில்லை. அந்த உறுப்பினர் சொன்னவர்."

"அவர் சிங்களத்திலை சொன்னவர், எனக்கு விளங்கேல்லை. உம்மட வாயாலை சொல்லித்தானே எனக்குத் தெரியும்!"

நானாவின் இஞ்சித் தேநீர்

கூண்டுக்குள் இரண்டு பேர் மாறி மாறிப் பேசுவோம். என் ஜோடி தெஹிவளை மன்சூர் நானா, எனக்கு அண்ணன் முறை. நான் பேசும்போது அவர் இஞ்சித் தேநீரை ஊற்றி, சத்தமில்லாமல் என் பக்கம் நகர்த்தி வைப்பார். என் தொண்டை இந்த வேலையில் இத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறதென்றால் அது அவர் போட்ட பிச்சை.

விவாதத்தின் இரண்டாம் நாள் சபை சூடாகி, ஒரு கனவான் இன்னொரு கனவானின் பரம்பரையையே இழுத்துவிட்டார். நானும் விதிப்படி இழுத்தேன். உடனே சபாநாயகர் அந்த வசனத்தைச் சபைப் பதிவான ஹன்சாட்டிலிருந்து நீக்கும்படி உத்தரவிட்டார். ஒலிவாங்கியை மூடிவிட்டு, அப்பாடா, பாவம் கழிந்தது என்று பெருமூச்சு விட்டேன். லிஃப்ட் கதையை ஏற்கெனவே கேட்டிருந்த நானா, தேநீரை நகர்த்திக்கொண்டே சொன்னார்:

"அவரு செல்லினத்த ஹன்சாட்டுல அழிச்சிருவாங்க தங்கச்சி. நீங்க செல்லினத்த ஒங்கட லிஃப்டுல ஆரு அழிக்கிற?"

மெழுகுதிரி வரிசையில்

செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து கொச்சிக்கடைக்குப் போய் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவது என் வழக்கம். வீட்டில் இருப்பது பிள்ளையார். அவர் இதற்கெல்லாம் கோபிப்பதில்லை. அந்தச் செவ்வாய் மெழுகுதிரி வாங்கும்போது தொலைக்காட்சியில் கேட்ட என் குரலை அடையாளம் கண்டு பக்கத்தில் நின்ற பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். கொட்டாஞ்சேனையில் தையல் கடை வைத்திருக்கும் பிலோமினா. அவளின் தம்பி அன்ரன் துறைமுகத்தில் கூலி வேலை. ஒருநாள் மழைக்காகத் தெரிந்தவனின் த்ரீவீலரில் ஏறியிருக்கிறான். வழியில் பொலிஸ் மறித்துச் சோதித்தபோது சீட்டுக்கடியில் போதைத் தூள் பொட்டலம். அன்றிலிருந்து விளக்கமறியல். பொட்டலத்தைப் பரிசோதித்த அறிக்கை வரவில்லை. அறிக்கை வராததால் குற்றப்பத்திரமும் வரவில்லை. வருஷம் ஒன்று கடந்துவிட்டது. சபையில் நாங்கள் வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்த அந்த ஒற்றை வாசகம்தான் அவன் வெளியே வரும் வழி.

"அக்கா, நீங்க அவங்களோட உள்ளதானே இருக்கிறீங்க, கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்களேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்கள், அவர்கள் சொல்லாத ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்க முடியாது, சேர்த்தால் வேலை போய்விடும் என்று விளக்கினேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"சேர்க்க வேணாம் அக்கா. ஒண்டும் குறைக்காம சொல்லுங்க, அது காணும்."

அப்படியே சொல்வதாக வாக்குக் கொடுத்தேன், என் வீட்டு விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன்.

கடுகதி நின்ற இடம்

வாக்கெடுப்பு நாளன்று அந்த வாசகத்தை ஆதரித்துப் பேச எழுந்தவர், நாங்கள் "கடுகதி" என்று பெயர் வைத்திருந்த உறுப்பினர். கடுகதி ரயில் மாதிரி எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டார். வசனத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கும் பழக்கமும் இல்லை. அவர் பேசினால் முக்கால்வாசியைப் பிடிப்போம், கால்வாசியைக் கடவுளுக்கு விட்டுவிடுவோம். அன்றைக்கு விட மனமில்லை. பிலோமினாவும் கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் வாசக எண்களை அள்ளி எறிய, நானா மசோதாவின் தமிழ்ப் பிரதியில் ஒவ்வொரு இடமாக விரலை வைத்துக் காட்டினார். நான் மூச்சுப் பிடித்து ஓடினேன். ஓடுகிற ஓட்டத்தில் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவிட்டேன் போல. கடுகதி நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார். குற்றமும் நிரூபிக்கப்படாமல், விடுதலையும் கிடைக்காமல் கிடக்கும் மனிதர்களின் கதையை அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, ஒரு சொல்லும் சிந்தாமல் சொல்லி முடித்தேன்.

அடுத்து எதிர்ப்பவர் எழுந்தார். நகை பறிகொடுத்துவிட்டு வாசல்படி தாண்டவே பயப்படும் பெண்களைப் பற்றிப் பேசினார். இராஜேஸ்வரி அக்காவின் தழும்பு என் கண்முன் வந்தது. பிலோமினாவுக்குக் கொடுத்த வாக்கு அக்காவுக்கும் சேர்த்துத்தானே. அதையும் குறைக்காமல் சொன்னேன். மாலையில் அந்த வாசகத்தோடு சட்டம் நிறைவேறியது. தேநீர்ச்சாலையில் கடுகதியைக் கண்டு, நிறுத்திப் பேசியதற்கு நன்றி சொன்னேன். மனிதர் சிரித்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னதைத் தொழில் தர்மப்படி அப்படியே தருகிறேன்:

"தங்கச்சி, இந்தச் சபையில் நான் பேசுவதை முழுதாகக் கேட்பவர்கள் அந்தக் கூண்டுக்குள் இருக்கும் இரண்டு பேரும்தான். உங்களையும் ஓடவிட்டுவிட்டு நான் யாருக்குப் பேசுவது?"

மீண்டும் லிஃப்ட்

சில மாதங்கள் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே காவலாளி யாரோ தேடி வந்திருப்பதாகச் சொன்னார். பிலோமினா. கையில் சூடு போகாத மீன் கட்லட் பொதி. அவளுக்குப் பின்னால், காலர் அகன்று தொங்கும் சேட்டோடு ஒரு மெலிந்த பையன். கேட்காமலே தெரிந்தது, அன்ரன். வழக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் பிணை கிடைத்துவிட்டது. அவர்களை மேலே அழைத்துக்கொண்டு போகப் பொத்தானை அழுத்த, மூடப்போன லிஃப்ட் கதவு மறுபடி திறந்தால், உள்ளே சந்தையால் திரும்பிய இராஜேஸ்வரி அக்கா, பையோடு! "ஆர் இது?" என்றார். அக்காவிடம் ஒளிக்க முடியுமா? சொன்னேன்.

அக்காவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அன்ரன் தலை குனிந்தான். ஏறலாமா வேண்டாமா என்று அவன் வெளியிலேயே நின்றான். அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். அவனின் தொளதொளத்த காலரையும் பார்த்தார்.

"என்ரை சங்கிலியை அறுத்தவன் மோட்டார் சைக்கிளிலை சுத்தித் திரியிறான். இந்தப் பிள்ளையை ஒண்டும் விசாரிக்காமல் உள்ளுக்கை வைச்சு இப்பிடி வத்த விட்டிருக்கிறாங்கள்" என்றார். பிறகு பையை இழுத்துக்கொண்டு மூலையில் ஒதுங்கினார். "ஏறு தம்பி, இடமிருக்கு."

லிஃப்ட் மேலே போகும்போது பிலோமினா என் கையில் பொதியைத் திணித்து, "உங்களாலதான் அக்கா" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஐயோ, நானில்லை பிலோமினா, அது அவையள்…" என்று தொடங்க, இராஜேஸ்வரி அக்கா குறுக்கே வந்தார்:

"சும்மா இரும் பிள்ளை! பிணை குடுக்கச் சொன்னது நீர்தான். என்ரை காதாலை கேட்டனான்."

ஆரோ பேசியதற்கெல்லாம் ஏச்சு வாங்கிப் பழகிய நான், ஆரோ செய்த புண்ணியத்துக்கு வந்த கட்லட்டையும் தொழில் தர்மப்படி ஒன்றும் குறைக்காமல் வாங்கிக்கொண்டேன்.