இடது கைக் கொத்தனார்

அந்தக் கொத்தனாரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லச் சொன்னால், கூட வேலை பார்த்தவர்கள் ‘பூச்சு வேலையில் ஆளை அடிச்சுக்க முடியாது’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மற்றபடி மூக்கின் மேல் கோபம், வாயைத் திறந்தால் வசவு. கலவையைச் சுவரில் வீசி அடிப்பது, தேய்ப்பது, மட்டம் பார்ப்பது எல்லாமே அவருக்கு இடது கைதான்.

அவருடைய மனைவியின் அண்ணனும் கொத்தனார், வலது கைக்காரர். இருவருக்கும் ஆகவே ஆகாது. ஆனாலும் மேஸ்திரிகள் இருவரையும் சேர்த்தேதான் கூப்பிடுவார்கள். ஒரே கைக்காரர்கள் இரண்டு பேரைப் போட்டால் ஒரு பக்க மூலையில் கை இடிக்கும். இவர்களை ஆளுக்கொரு மூலையில் நிறுத்தினால் இரண்டு மூலையும் கத்தி மாதிரி நிற்கும். பூசிக்கொண்டே வந்து நடுச்சுவரில் சந்திக்கும்போது மட்டும் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ரத்த அழுத்தம் இருக்கிறது என்று கொத்தனாரிடம் பல வருஷம் முன்பே சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நாள் மாத்திரை தின்றார். உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிட்டார். முதுகுவலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையை மட்டும் மிட்டாய் போல விழுங்கினார். கால் வீங்கியது. ஈரத்தில் நிற்கிற கால் வீங்காமல் என்ன செய்யும் என்று வீங்கின காலுக்கே வக்காலத்து வாங்கினார். சிறுநீர் நுரைத்துப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. படியேற மூச்சு வாங்கியபோதுதான் மனைவி பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு சிறுநீரகமும் முக்கால்வாசிக்கு மேல் வேலையை நிறுத்திவிட்டன என்றார் டாக்டர்.

“ஒரு நாள்கூட வலிக்கலையே சார்.”

“வலிக்காது. அதுதான் இதோட கெட்ட குணம். போனது திரும்ப வராது, மிச்சத்தைத்தான் இழுத்துப் பிடிக்கணும். பிரஷர் மாத்திரையை விடக் கூடாது, உப்பைக் குறைக்கணும், வலி மாத்திரையைத் தொடவே கூடாது. எப்படியும் சில மாசத்துல டயாலிசிஸ் தேவைப்படும். அதுக்கு இப்பவே கையைத் தயார் பண்ணிடலாம்.”

கையைத் தயார் பண்ணுவது என்றால், மணிக்கட்டுக்கு மேலே இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைப்பது. நாளாக நாளாகக் குழாய் பருத்து, மெஷினுக்கு ரத்தம் எடுக்கத் தோதாகும். தைக்க வந்த சர்ஜன் அவசரக்காரர். “எந்தக் கையால எழுதுவீங்க?” என்றார். “வலது கை” என்றார் கொத்தனார். அது பொய்யில்லை. சின்ன வயதில் வாத்தியார் விரல் கணுவிலேயே அடித்து எழுத்தை வலது கைக்கு மாற்றிவிட்டிருந்தார். அதன் பிறகு கையெழுத்தைத் தவிர அவர் எதையும் எழுதியதில்லை. எழுதாத கைதான் சும்மா இருக்கும் கை என்பது சர்ஜனின் கணக்கு. தையல் ஆறினால் கை பழையபடி ஆகிவிடும் என்பது இவருடைய கணக்கு. இடது கையில் போட்டாயிற்று.

கட்டுப் போட்ட பிறகு நர்ஸ் சொன்னாள். “இந்தக் கையில வெயிட் தூக்காதீங்க. இந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்காதீங்க. இறுக்கி எதையும் கட்டாதீங்க. தினம் தொட்டுப் பாருங்க, கிர்ருன்னு அதிரும். நின்னுட்டா உடனே ஓடி வந்துடணும்.”

“எத்தனை நாளைக்கு?”

“எப்பவுமேதான்.”

கொத்தனார் கட்டிலிலிருந்து இறங்கி நேராக சர்ஜனின் அறைக்குள் போனார். “எழுதற கையைக் கேட்டியே, நான் என்ன குமாஸ்தாவா? என் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே!”

“வேலை பாக்கற கை இதுதான்னு நீங்க சொல்ல வேண்டாமா?”

“நீ கேக்க வேண்டாமா?”

“இது நின்னுபோனா அடுத்த கையைப் பாக்கலாம். இப்ப இதைக் காப்பாத்துற வழியைப் பாருங்க.”

முதல் வாக்கியம் மட்டும் கொத்தனாரின் மனதில் ஆணியடித்த மாதிரி நின்றது.

வேலைக்குப் போனார். மச்சான் சாரத்தின் கீழேயே மறித்தார். “மாப்ளே, மேல ஏறினே, காலை ஒடிச்சுடுவேன்.”

“என் மேல என்ன திடீர்ப் பாசம்?”

“பாசமா? நீ போய்ச் சேர்ந்தா என் தங்கச்சி என் வீட்டுலதான் வந்து உக்காருவா.”

வேறொரு ஆள் அவர் இடத்தில் பூசினான். மூலை கோணலாக வந்தது. கொத்தனார் எதிரே மணல் குவியலில் உட்கார்ந்து திட்டித் தீர்த்தார். வேலை போன மனிதனுக்கு எல்லார் மேலும் வரும் கோபம், அவருக்கு வட்டியோடு வந்தது. வீட்டில் உப்புக் குறைவான சாப்பாட்டைத் தள்ளிவிட்டுக் கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டார். விளைவு, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் படுக்கை. இடது கையைத் தொடக்கூடாது என்பதால் ஊசியெல்லாம் வலது கையில் ஏறியது. அதையும் அவர் கோபத்தில் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். மறுபடி குத்தினார்கள், மறுபடி பிடுங்கினார்.

வீடு திரும்பியதும் காரியத்தை ஆரம்பித்தார். மச்சான் இல்லாத வேளை பார்த்துப் போய் கலவைச் சட்டிகளை இடது கையால் தூக்கினார். மணிக்கட்டில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். தூங்கும்போது கையை உடம்புக்கு அடியில் போட்டுக்கொண்டார். இது நின்றால் வலது கையில் போடுவார்கள், இடது கை தனக்கே திரும்பக் கிடைக்கும். அதுதான் திட்டம்.

ஒரு நாள் விடியற்காலையில் மனைவியின் அலறல் கேட்டு எழுந்தார். அவர் தூங்கும்போது தினமும் அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பது அவள் வழக்கம் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். “நின்னுபோச்சுங்க! கிளம்புங்க!”

“இப்பத்தான் அதிர்ந்துச்சு. உனக்கு என்னடி தெரியும், போய் வேலையைப் பாரு.”

கத்தியே அன்றைக்கு அவளை அடக்கிவிட்டார். மறுநாள் அவளே அண்ணனைக் கூட்டிவந்து, இருவருமாக இழுத்துப் போனார்கள். பஸ்ஸில் அவள் அழுதுகொண்டே வந்தாள். கொத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம்தான்.

“எப்ப நின்னுச்சு?” என்று கேட்டார் சர்ஜன்.

“இன்னைக்குக் காலையிலதான். தானா நின்னுடுச்சு.”

“பொய் சார்” என்றார் மச்சான். “நேத்தே நின்னுபோச்சு. அதுவும் தானா நிக்கல. கையில துணியைக் கட்டிக்கிட்டுச் சட்டி தூக்கினான்னு ஆளுங்க நேத்துதான் சொன்னாங்க. வேணும்னே பண்ணியிருக்கான்.”

சர்ஜன் திட்டவில்லை. வலது கையை ஸ்கேனில் வைத்து நெடுநேரம் பார்த்தார். “இங்க குழாயெல்லாம் ஊசி குத்திக் குத்தி அடைஞ்சுபோச்சு. இதுல போட முடியாது. அதே இடது கையிலதான், முழங்கைக்கு மேல. அதுவும் போச்சுன்னா கழுத்துல டியூப்தான். அதோட நீங்க சிமெண்டுத் தூசிப் பக்கமே போக முடியாது.”

வெளியே பெஞ்சில் மனைவி அவரிடமிருந்து தள்ளி உட்கார்ந்தாள். அழுகை நின்றிருந்தது. “சாகணும்னா என்கிட்டச் சொல்லிட்டுச் சாவுங்க. காலையில எழுந்து கையைத் தொட்டுப் பாக்கற வேலையாவது எனக்கு மிச்சம்.”

கொத்தனாரின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. “எனக்குச் சாக ஆசையில்லடி. கை சும்மா கெடக்குமேன்னு பயம். அந்தக் கை இல்லேன்னா நான் யாரு?” பயம் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதேயில்லை.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“இதை அந்த சர்ஜன் எந்தக் கைன்னு கேட்டப்பவே சொல்லியிருந்தா, அன்னைக்கே வலது கையில போட்டிருப்பாங்களே” என்றாள்.