வெள்ளைத்தாயக்கா மேளத்தை நிறுத்திய கொடை

வெள்ளைத்தாயக்காவை முதன்முதலில் மூச்சைக் கவனிக்கச் சொன்னபோது, "எதுக்கு? அது என்ன, எங்கயும் ஓடியா போயிரும்?" என்று கேட்டாள். கூடத்திலிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதன்பிறகு அன்றைக்கு யாராலும் மூச்சைக் கவனிக்க முடியவில்லை, சொல்லிக்கொடுத்த என்னாலும்.

நான் கோவில்பட்டியில் ஓர் அறக்கட்டளையில் இருக்கிறேன். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் மனவிழிப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. புதூர்ப் பக்கத்துப் பெண்கள் அதற்கு வைத்த பெயர் 'மூச்சு கிளாஸ்'. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். படிக்கவைத்த மகள் ஊர் ஊராகப் போய் மூச்சுவிடச் சொல்லிக்கொடுக்கிறாள் என்பதை அப்பா இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் ஆஸ்பத்திரி வேலை என்கிறார்.

வெள்ளைத்தாயக்காவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் பெட்டிக்குள் குச்சி அடைக்கிற வேலை. கணவர் திருப்பூருக்குப் பிழைக்கப் போய், அங்கேயே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டார். "அவியளுக்கு அந்த ஊர் தண்ணி ஒத்துக்கிட்டு" என்பதோடு அக்கா அந்தப் பேச்சை முடித்துக்கொள்வாள். மகன் இசக்கியப்பனுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. பேசுவது நாலைந்து சொற்கள். அதில் இரண்டு வசவு, அம்மாவிடம் கற்றவை. அவனுக்கு ஆகாதது சத்தம். சத்தம் கூடினால் மணிக்கட்டைக் கடிப்பான், பிறகு கையில் கிடைத்ததை எறிவான்.

போன வருடம் காளியம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் அவன் கையில் கிடைத்தது ரேடியோ செட்காரரின் மைக். அது தவில்காரர் மண்டையில் போய் விழுந்தது. அதனால் இந்த வருடம் ஊர்க்கூட்டத்தில் கோயில் தர்மகர்த்தா சிவனாண்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், கொடை முடியும்வரை பையனை வீட்டுக்குள் வைத்துப் பூட்ட வேண்டும் என்று. அவனைப் பூட்டினால் அக்காவும்தான் உள்ளே கிடக்க வேண்டும். தீப்பெட்டி ஆபீசும் வீடும் தவிர அவள் வருடம் முழுக்கப் பார்ப்பது அந்தக் கொடை ஒன்றைத்தான். "அப்ப என் கொடை வரியையும் உள்ள வச்சுப் பூட்டிக்கிடுதேன்" என்று அவள் எழுந்து வந்துவிட்டாளாம். பிறகு ஆள் விட்டுப் பேசி, ஒரு சலுகை கொடுத்தார்கள். முதல் நாள் மதியக் கொடைக்குக் கூட்டிவரலாம். எதையாவது எறிந்தால் இந்த வருடம் மட்டுமில்லை, இனி எந்தக் கொடைக்கும் அவன் வாசல் தாண்டக் கூடாது.

முதல் நாளோடு நின்றுபோனவள், அதற்காகத்தான் மூச்சு கிளாசுக்குத் திரும்பி வந்தாள். மூச்சு வேண்டாம், வேறு சரக்கு இருந்தால் எடுத்துப் போடு என்றாள், ஜவுளிக்கடையில் கேட்பதுபோல.

வேறு சரக்கு இருந்தது. கோபம் வரும்போது கவனத்தை உள்ளங்காலுக்குக் கொண்டுபோவது. செருப்பைக் கழற்றி, விரல்களை அசைத்து, குதிகால் தரையில் படுவதை உணர்ந்து, கோபம் தணியும்வரை அப்படியே நிற்பது. முதலில் பார்த்துக்கொள்கிறவர் பழக வேண்டும், அப்புறம்தான் பிள்ளை. தீப்பெட்டி ஆபீசில் கணக்கப்பிள்ளை சத்தம் போடும்போதெல்லாம் அக்கா உள்ளங்காலுக்குப் போய்ப் பழகினாள். அந்த ஆள் முகத்தைப் பார்ப்பதற்குத் தன் கால் எவ்வளவோ தேவலாம் என்றாள்.

இசக்கியப்பனுக்குக் கவனம் என்றால் என்னவென்று புரியவைக்க முடியவில்லை. ஒரு மழை நாளில் கரிசலில் நடக்கும்போது விரலிடுக்கில் சேறு பிதுங்கியது. குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாளிலிருந்து அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி மண்ணைச் சேறாக்கினாள். இருவரும் அதில் நின்றார்கள். அவன் முகம் மாறும்போதெல்லாம் "காலு" என்பாள். சில நாள் பலித்தது. சில நாள் அந்தச் சேற்றையே அள்ளி அவள்மேல் எறிந்தான். இது பயிற்சியா, வெறும் சேறா என்று எனக்கே சந்தேகம். மேலதிகாரி கேட்டபோது முன்னேற்றம் என்றேன்.

கொடைக்கு நானும் போயிருந்தேன். புழுதி அடங்குவதற்காகக் கோயிலுக்கு முன்னால் லாரித் தண்ணீர் அடித்திருந்தார்கள். நையாண்டி மேளம் சூடு பிடித்ததும் இசக்கியப்பனின் மணிக்கட்டு வாய்க்குப் போனது. அக்கா அவன் காதருகே போய் "காலு" என்றாள். அவன் கையை இறக்கினான். தானாகவே ஈரமண்ணுக்கு நடந்துபோய், காலை அகட்டி, கண்ணை மூடி நின்றான். விரல்கள் சேற்றில் நெளிந்தன. உடம்பு நடுங்கியது. மூச்சு உஸ் உஸ் என்று வந்தது. எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் படம் போட்டதுபோல இருந்தது. நான் மனதுக்குள் கைதட்டிக்கொண்டேன்.

ஊர் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை.

"ஏட்டி, பிள்ளைக்கு அருள் வந்துட்டு" என்றாள் பக்கத்து வீட்டு வேலுத்தாய். உடனே பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி அவன் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள், இன்னொருத்தி கையில் வேப்பங்குலையைத் திணித்தாள். பூட்டச் சொன்ன சிவனாண்டி, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து கைகூப்பி, இந்த வருடம் மழை உண்டா என்று அவனிடம் கேட்டார்.

அருள் வந்தவரைச் சுற்றி மேளத்தை நெருக்கி அடித்து, சாமியை முழுசாக இறக்க வேண்டும். அதுதான் முறை. மைக்கில் அடிபட்ட தவில்காரரே பழசை மறந்து, பயபக்தியோடு, அவன் காதுக்குப் பக்கத்தில் வந்து முழக்கினார். வேப்பங்குலை பிடித்த கை மெல்ல மேலே ஏறியது. கூட்டத்துக்கு அது அருள். அடுத்தது எறிவான் என்று அக்காவுக்கும் எனக்கும் தெரியும்.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். சாமி எறிந்தால் ஊர் பிரசாதம் என்று எடுத்துக்கொள்ளும். இனி அவனை யாரும் பூட்டமாட்டார்கள், காலில் விழுவார்கள். ஆனால் ஒவ்வொரு கொடையிலும் அவன் காதில் இப்படியே அடிப்பார்கள். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அக்கா இடையில் புகுந்து தவிலின் தோலில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"சாமியுமில்ல, பூதமுமில்ல. எம்மவனுக்குக் கோவம் வந்திருக்கு. அது கால் வழியா இறங்குதவரைக்கும் எல்லாரும் வாயை மூடிட்டு நில்லுங்க."

சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கி அவன் பக்கத்தில் நின்றாள். மேளம் நின்றது, குலவை நின்றது. ஊர் முழுக்க அந்த நாலு கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கிளாசில் ஒருநாளும் இத்தனை பேர் இவ்வளவு நேரம் அமைதியாக இருந்ததில்லை.

வேப்பங்குலை கீழே விழுந்தது. எறியவில்லை, நழுவி விழுந்தது. இசக்கியப்பன் கண்ணைத் திறந்து எதிரில் நின்ற சிவனாண்டியைப் பார்த்து, தனக்குத் தெரிந்த வசவில் ஒன்றைச் சொன்னான்.

"அப்ப நான் இவ்வளவு நேரம் யாரைக் கும்பிட்டேன்?" என்றார் சிவனாண்டி.

"எம்மவனைத்தான் அண்ணாச்சி. கும்பிட்டது கும்பிட்டதாவே இருக்கட்டும். இன்னமும் பூட்டச் சொல்லுவியளா?"

ஊர் பார்க்கக் கைகூப்பிய ஆளை இனி அவர் பூட்டச் சொல்ல முடியாது. இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டார். பிறகு, மேளம் இனிமேல் கோயிலுக்கு மேற்கே தள்ளி நின்று அடிக்கட்டும், இங்கே இடம் சரியில்லை என்று தவில்காரரிடம் சொன்னார்.

வேலுத்தாய் மட்டும் நம்பவில்லை. எலுமிச்சம்பழத்தோடு வந்து குறி கேட்டாள். அக்கா பழத்தை வாங்கிக்கொண்டு, குறி கிடையாது என்று அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் கரகாட்டம். கூட்டத்துக்கு வெளியே, சத்தம் கொஞ்சம் குறைவாகக் கேட்கிற இடத்தில் இசக்கியப்பன் உட்கார்ந்து பொங்கல் தின்றான். அக்கா ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் யார் பேசினாலும் காதில் வாங்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"இந்த ஆட்டத்தைப் பாக்கதுக்கா டீச்சர், நானும் எம்மவனும் அந்தப் பாடு பட்டோம்?" என்றாள். "நாளைக்கு வில்லுப்பாட்டுக்காரங்களாவது ஒழுங்காப் பாடுதாங்களான்னு வந்து பாக்கணும்."