எட்டு மணி நேரத் திருத்தம்

என் நாட்குறிப்பில் 1975ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் தேதிப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "நேற்று கார்த்திகை தீபம். பின்னிரவு 2.10க்குச் சந்திரனின் மேல் ஓரம் கறுத்தது. 3.33க்கு முழுதும் மறைந்தது. செங்கல் பொடியின் நிறம். 4.13க்கு ஒளி திரும்பியது. 5.38க்கு விட்டது. மேகம் இல்லை. அவளும் பார்த்தாள்."

கடைசி இரண்டு சொற்களில் வருபவள் என் மனைவி. அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம், இரண்டாவது கர்ப்பம். எங்கள் பக்கத்தில் கிரகணத்தின்போது பிள்ளைத்தாய்ச்சியை வெளியே விடமாட்டார்கள். சன்னலைச் சாத்தி உள்ளறையில் படுக்க வைப்பார்கள். நான் அவளை எழுப்பி மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். இவ்வளவு தெளிவான கிரகணம் அடிக்கடி கிடைக்காது என்று சொன்னேன். அவள் வந்தாள், பார்த்தாள், குளிருகிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். தை மாதம் ஏழாம் மாதத்தில் அந்தக் குழந்தை தங்காமல் போயிற்று. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று டாக்டர் சொன்னார். நானும் சொன்னேன். தொடர்பு உண்டு என்று மனைவி ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

நான் பொதுப்பணித் துறையில் ஆற்று நீர்மட்டப் பதிவேடு பார்த்தவன். தாமிரபரணியின் அணைக்கட்டுகளிலிருந்து காலையும் மாலையும் வரும் அளவுகளை வாங்கி, சரிபார்த்து, ஒரே தாளில் ஏற்றி மேலே அனுப்ப வேண்டும். நாட்குறிப்பும் அதே கையின் பழக்கம்தான். மழை, காய்ச்சல், விருந்தாளி, எல்லாவற்றுக்கும் மணி போட்டு எழுதுவேன். வீட்டில் யாருக்காவது பழைய சங்கதி ஒன்றில் சந்தேகம் வந்தால் என்னிடம் வருவார்கள். நான் சொன்னால் முடிந்தது. அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1993 ஆகஸ்டில் நூலகத்தில் எடுத்த ஒரு வானியல் புத்தகத்தில், கிரகணங்கள் குடும்பம் குடும்பமாக வருகின்றன என்று படித்தேன். ஒரு சந்திர கிரகணம் நடந்து 223 பௌர்ணமிகள் கழித்து, ஏறக்குறைய அதே மாதிரியான கிரகணம் திரும்ப வரும். அந்த இடைவெளி 6585 நாளும் மூன்றில் ஒரு நாளும். ஒரு குடும்பத்தின் முதல் கிரகணங்கள் சந்திரனின் ஓரத்தில் இலேசாகக் கை வைத்தது போல இருக்கும். ஒவ்வொரு முறையும் நிழல் கொஞ்சம் உள்ளே நகரும். சில நூற்றாண்டுகள் போனபின் முழுக் கிரகணங்கள் வரத் தொடங்கும். அவையும் ஓய்ந்து, மறு ஓரத்தில் தேய்ந்து, ஆயிரத்து இருநூறு முந்நூறு ஆண்டுகளில் குடும்பம் முடிந்துபோகும்.

அன்று மாலையே நாட்குறிப்புகளை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். 1974 நவம்பர் 29 அன்று ஒரு கிரகணம் பார்த்திருக்கிறேன். 6585 நாள் கூட்டினால் 1992 டிசம்பர் 9. என் குறிப்பில் டிசம்பர் 10, விடியலுக்கு முன், முழுக் கிரகணம். ஒரு நாள் இடித்தது. நள்ளிரவு தாண்டியதால் தேதி மாறியிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படியானால் 1975இன் கிரகணம் எப்போது திரும்பும்? நவம்பர் 19உடன் 6585 நாள். 1993 நவம்பர் 29. இன்னும் மூன்று மாதம்.

மூன்றில் ஒரு நாளை நான் விட்டுவிட்டேன். எங்கள் நீர்மட்டப் பதிவில் அரைக்குக் குறைந்த பின்னத்தைத் தள்ளிவிடுவது வழக்கம். அந்தக் கை இங்கேயும் தள்ளிவிட்டது. முந்தைய கிரகணத்தின் உச்சம் இரவு எட்டே முக்கால், அடுத்ததன் உச்சம் அதிகாலை ஐந்தேகால் என்று என் கையெழுத்திலேயே இரண்டு பக்கங்களும் எதிரில் விரிந்து கிடந்தன. தேதியைப் பார்த்தேன், மணியைப் பார்க்கவில்லை.

நவம்பர் 29 பின்னிரவு இரண்டு மணிக்குக் கிரகணம் தொடங்கும் என்று மையில் எழுதினேன். மனைவியிடமும் சொன்னேன். சொல்லக் காரணம் இருந்தது. எங்கள் ஒரே மகள் ஆழ்வார்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டவள். அப்போதுதான் உண்டாகியிருந்தாள். கார்த்திகைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள், அப்போது ஐந்தாம் மாதம் நடக்கும். இந்த முறை மனைவிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். மனைவி கேட்டுக்கொண்டாள். விடியும்வரை உள்ளறையில் இருக்கட்டும், விடிந்ததும் குளித்துவிடட்டும் என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அலுவலகத்தில்தான் கேலி கிளம்பியது. அந்த வருடப் பஞ்சாங்கத்தில் நவம்பரில் கிரகணமே போடவில்லை. பக்கத்து மேசைக்காரர், "என்ன அண்ணாச்சி, பஞ்சாங்கக்காரனுக்குத் தெரியாம ராகு உங்களுக்கு மட்டும் தனியாக் கார்டு போட்டிருக்காரோ" என்றார். அச்சில் விடுபட்டிருக்கும் என்று நான் வாதாடினேன். மூன்று நாள் வாதாடினேன். நான்காம் நாள் புத்தகத்திலிருந்து எழுதி வைத்த குறிப்பை மறுபடி பார்த்தபோது அந்த மூன்றில் ஒன்று கண்ணில் பட்டது.

எட்டு மணி நேரம். அதற்குள் பூமி மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்றிவிடுகிறது. ஆகவே அதே குடும்பத்தின் அடுத்த கிரகணம் நம் தலைக்கு மேல் நடக்க வேண்டிய கட்டாயமில்லை. மூன்று முறை போய், ஐம்பத்து நான்கு ஆண்டு கழித்துத்தான் ஏறக்குறைய அதே மணிக்கு நம் ஊரில் வரும். 1975இன் மணிகளோடு எட்டைக் கூட்டினேன். தொடக்கம் காலை 10.10. முழு மறைவு 11.33. விடுவது பகல் 1.38. அந்த நேரத்தில் சந்திரன் நம் காலடியில், பூமிக்கு அந்தப் பக்கம். பஞ்சாங்கக்காரர் செய்தது சரி. தெரியாத கிரகணத்தை அவர் ஏன் போட வேண்டும்?

நாட்குறிப்பில் பழைய வரியைக் கோடிட்டு அடித்து, புதிய மணிகளை எழுதி, ஓரத்தில் கையெழுத்திட்டேன். இதோடு நிறுத்தியிருக்கலாம்.

நவம்பர் நடுவில் மகள் வந்தாள். கையில் ஒரு கடிதம் இருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை வேலைக்கு நேர்முகத் தேர்வு. நிரந்தர வேலை. மூன்று ஆண்டுகளாக அவள் யாராவது பிரசவ விடுப்பில் போனால் அந்த இடத்தில் பாடம் நடத்தி, அவர்கள் திரும்பியதும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். கடிதத்தில் நவம்பர் 29, திங்கள், காலை 10.30, அசல் சான்றிதழ்களுடன் என்று இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவிதான் கணக்குப் பார்த்தாள். கிரகணம் விடியுமுன் விட்டுவிடும், ஏழு மணிக்குக் குளித்துவிட்டால் ஒன்பதரைக்குக் கிளம்பலாம், தோதாகத்தான் இருக்கிறது என்றாள். மகளுக்கு முகம் தெளிந்தது.

"அதில் ஒரு திருத்தம் இருக்கிறது" என்று சொன்னேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. தவறான தகவல் ஒன்று என் பெயரில் அந்த வீட்டில் நடமாடுவது எனக்குப் பொறுக்கவில்லை. பத்து மணி பத்து நிமிடம் முதல் ஒன்று முப்பத்தெட்டு வரை என்று சொல்லிவிட்டு, அது நமக்குத் தெரியாது, ஆகவே ஒன்றும் செய்ய வேண்டாம் என்றும் சொன்னேன். தட்டையும் டம்ளரையும் வைத்துப் பூமியையும் சந்திரனையும் விளக்கினேன். மனைவி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலடியில வந்தாலும் வருதுல்லா?" என்று கேட்டாள்.

வருகிறது என்றேன். ஆனால் தெரியாது.

"கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிருமா? இவ வயித்துல இருக்கதுந்தான் கண்ணுக்குத் தெரியல."

பதினைந்து நாள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். நிழல் என்றால் என்ன என்று சொன்னேன். ஆண்டுக்கு இரண்டு முறையாவது உலகத்தில் எங்காவது கிரகணம் நடக்கிறது, அத்தனைக்கும் உள்ளே உட்கார முடியுமா என்று கேட்டேன். மற்றவை எனக்குத் தெரியாது, இது தெரியும் என்றாள். ஒரு நாள் நான் குரலை உயர்த்தியபோது அவள் உயர்த்தவில்லை. "அன்னைக்கும் நீங்கதான் வாட்ச்சைப் பாத்து எழுப்புனீங்க" என்றாள். பதினெட்டு ஆண்டுகளில் அதைப் பற்றி அவள் சொன்ன ஒரே வாக்கியம் அது. அதற்குப் பிறகு நான் நிழலைப் பற்றிப் பேசவில்லை.

மகள் அம்மாவை எதிர்த்துப் போகிறவள் அல்ல. போனால் அம்மா அவள் திரும்பும்வரை பச்சைத் தண்ணீர் தொடமாட்டாள் என்பதும், பிரசவம் முடியும்வரை ஒவ்வொரு சின்ன வலிக்கும் அம்மா முகம் எப்படி ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். கார்த்திகை அன்று மாலை வாசற்படியில் அகல் வைத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, கணக்குத் தப்பாப் போட்டுட்டேன், கிரகணமே கிடையாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. பஞ்சாங்கத்துலயும் இல்ல. அம்மா நம்பிருவா."

"எப்படி அம்மா சொல்ல முடியும்? கணக்கு சரிதானே" என்றேன்.

"சரியா இருந்துட்டுப் போகட்டும். நான் என்ன அதைப் பரீட்சை பண்ணவா போறேன்? வேலைக்குல்லா போறேன்."

காற்றில் ஒரு அகல் அணைந்தது. அவள் அதை மறுபடி ஏற்றினாள். நான் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். யோசிக்கவும் செய்தேன். ஒரு முறை என் கணக்கு தப்பு என்று சொன்னேன், அது உண்மையிலேயே தப்பு. இப்போது சரியாக இருப்பதைத் தப்பு என்று சொன்னால், இனி நான் சொல்லும் எந்தத் தேதிக்கு என்ன மதிப்பு? இப்படித்தான் யோசித்தேன். இன்றைக்கு எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். மகள் புடவை கட்டி, சான்றிதழ்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதரை போயிற்று. மனைவி பத்துக்குள் சமையலை முடித்து, சோற்றின் மேலும் குழம்பின் மேலும் தர்ப்பைப் புல் போட்டு மூடினாள். நடை சாத்துவதற்குள் சாமி கும்பிட்டு வருகிறேன் என்று தெருக்கோடிக் கோவிலுக்குப் போனாள். பத்தே முக்காலுக்குத் திரும்பி வந்தபோது அவள் நடையில் வேகம் இருந்தது.

கோவில் நடை சாத்தவில்லை. பௌர்ணமி அபிஷேகம் எப்போதும்போல நடந்துகொண்டிருக்கிறது. இன்றைக்குக் கிரகணமாமே என்று அவள் குருக்களிடம் கேட்டிருக்கிறாள். "இங்கன தெரியாததுக்கு இங்கன எதுக்குத் தீட்டுன்னு கேக்காரு. பிள்ளைய அனுப்புங்கன்னு சொல்லுதாரு" என்றாள். பிறகு மகளைப் பார்த்து, "ஏட்டி, எந்தி. பைய நடந்து போ" என்றாள்.

பதினைந்து நாளாக நான் சொன்னதைத்தான் குருக்கள் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது அதனால் அல்ல, என்மேல்தான். தெரியாத கிரகணத்துக்குக் கோவில் நடை சாத்த மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். அவளை ஒரு வாரம் முன்னால் கோவிலுக்கு அழைத்துப் போய் அவரிடமே கேட்க வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. என் கணக்கை என் வாயாலேயே நிரூபிக்க வேண்டும் என்று இருந்தேன்.

ஆட்டோ கிடைக்கப் பத்து நிமிடம். ஆற்றுப் பாலத்தில் எதிரும் புதிருமாக இரண்டு லாரிகள் நகராமல் நின்றன. மகள் வயிற்றில் ஒரு கையும் பையில் ஒரு கையுமாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இருமுறை ஆட்டோக்காரரை விரட்டினேன். பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது மணி 11.35.

வராந்தாவில் போட்டிருந்த பெஞ்சுகள் காலியாக இருந்தன. எழுத்தர் எங்கள் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். ஆறு பேரைப் பார்த்துவிட்டார்கள், குழுவில் இருந்தவர்கள் பதினொன்றேகாலுக்கே கிளம்பிவிட்டார்கள் என்றார். ஏன் தாமதம் என்று கேட்டார். மகள் என்னைப் பார்க்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னாள். எழுத்தர் அவள் வயிற்றைப் பார்த்துத் தலையசைத்து, மனு ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், பார்க்கலாம் என்றார். பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். அந்த மனுவுக்குப் பதில் வரவில்லை.

வீடு திரும்பியபோது மணி ஒன்று ஆகப் பத்து நிமிடம். மகள் காலையில் ஒரு டம்ளர் காப்பி குடித்ததோடு சரி. மனைவி எங்கள் முகத்தைப் பார்த்ததும் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். ஆனால் பாத்திரங்களைத் திறக்கவில்லை. குருக்கள் வெளியே போகச் சொன்னதற்காக விட்டேன், சாப்பாட்டு விஷயம் வேறு என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 12.51. நாற்பத்தேழு நிமிடம் இருந்தது.

"முடிஞ்சிட்டு" என்றேன்.

எப்போது முடிந்தது, எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. நாட்குறிப்பைக் காட்டச் சொல்லவில்லை. தர்ப்பையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உடனே சோற்றைப் பரிமாறத் தொடங்கினாள்.

1.38 என்பது மகளுக்குத் தெரியும். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டை அருகே இழுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் ஆழ்வார்குறிச்சி பஸ் ஏறும்வரை அவள் என்னோடு பேசவில்லை.