இன்சீன் கோட்டைக் கல்யாணம்

கல்யாண ஜோடனைத் தொழிலில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் எப்படியாவது சமாளித்துவிடலாம். பெண்ணின் அப்பாவுக்கு ஒரு யோசனை உதித்துவிட்டால்தான் நம் பாடு திண்டாட்டம். ரங்கூன் பபேடான் பேட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, மணப்பெண் உடுப்பு தைத்தும் பந்தல் அலங்காரம் செய்தும் பிழைத்தவள் நான். பூக்காரர்களே, சமையல்காரர்களே, போட்டோ பிடிப்பவர்களே, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ நீங்கள் தூக்கம் கெட்ட கதை உங்களிடமும் இருக்கும். என்னுடையதைக் கேளுங்கள்.

பிஸ்கட் டின் மூடி

இன்சீன் ரயில்வே பட்டறை ஆபீசில் குமாஸ்தா ஞானப்பிரகாசம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசை. ஒருநாள் கையில் ஒரு பழைய பிஸ்கட் டின் மூடியோடு வந்து நின்றார். அதில் சீமையில் அந்தக் காலத்து ராஜா வீட்டுக் கல்யாணம் அச்சடித்திருந்தது. கல்கோட்டை, கொடிகள், இரும்புச் சட்டை போட்ட வீரர்கள், கூம்புத் தொப்பி வைத்த மணப்பெண், வெல்வெட் அங்கி போட்ட அப்பா. "என் மகள் ஸ்டெல்லா கல்யாணம் இப்படியே இருக்கணும்" என்றார். மூடியின் அடிப்பக்கம் துருப்பிடித்து, படத்தில் யாருக்குமே முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. கால்களுக்கு என்ன போடுவது என்று கேட்டேன். அது உன் பொறுப்பு என்றார்.

இவ்வளவு ஆட்டமும் எதற்கு என்பது போகப்போகத்தான் தெரிந்தது. மாப்பிள்ளை கோ வின்னின் அம்மா செல்லம்மா தமிழ்ப் பெண். அப்பா ஊ சான் லின் பர்மாக்காரர், பெரிய அரிசி மில் குடும்பம். மகன் ஒரு குமாஸ்தா வீட்டில், அதுவும் மாதா கோயிலில் கல்யாணம் செய்துகொள்வது அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. காலையில் கோயிலுக்கு வரமாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. மாலை விருந்துக்கு வேண்டுமானால் எட்டிப் பார்ப்பதாகச் சொன்னாராம். அவர் வந்து கை நனைத்தால்தான் ஸ்டெல்லா புருஷன் வீட்டு வாசப்படி மிதிக்க முடியும். "இத்தனை வருஷம் ஃபைலைத் தூக்கிட்டு குனிஞ்சே நின்னுட்டேன், பிலோமினா. அந்த மனுஷன் முன்னாடி ஒரு சாயங்காலம் மட்டும் ராஜாவா நிமிர்ந்து நிக்கணும்" என்றார் ஞானப்பிரகாசம்.

கூம்பு

மணப்பெண்ணின் கூம்புத் தொப்பியை அட்டையில் செய்து, சரிகைத் தாள் ஒட்டி, நுனியில் ஒரு வலைத்துணியையும் தொங்கவிட்டுக் கொண்டுபோனேன். ஸ்டெல்லா நல்ல பெண், அப்பா மனம் நோகக்கூடாது என்று வெள்ளைப் பட்டுப்புடவைக்கு மேலே அதை வைத்துக்கொண்டு நின்றாள். சீலிங் ஃபேனில் வலை சிக்கி, தொப்பி மட்டும் இரண்டு சுற்று சுற்றிவிட்டு அலமாரிக்குப் பின்னால் போய் விழுந்தது. ஞானப்பிரகாசம் அசரவில்லை. ஃபேனை நிறுத்திவிட்டால் போகிறது என்றார்.

அவர் மனைவி மேரியம்மாள் தொப்பியைத் தேடி எடுத்து, தூசி தட்டி, உள்ளேயும் வெளியேயும் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரி. இதைத் தலையில கவுத்துட்டா பூவை எங்கே வைக்கிறது?"

தொப்பி அன்றோடு ஒழிந்தது.

ரயிலில் ஆயுதங்கள்

ரங்கூன் லான்மடாவில் ஒரு தகரக்காரர் மண்ணெண்ணெய் டின்களை வெட்டி, ஸ்டெல்லாவின் இரண்டு தம்பிகளுக்கும் மார்புக் கவசம் செய்து கொடுத்தார். கூடவே கேடயங்கள், ஈட்டிகள். இவற்றையெல்லாம் ஊரைச் சுற்றி ஓடும் சர்க்குலர் ரயிலில் ஏற்றிக்கொண்டு இன்சீனுக்குப் புறப்பட்டேன். என்னோடு கோ தான் என்ற பர்மாத் தச்சரும் வந்தார். ஞானப்பிரகாசம் வீட்டுக்கு முன்னால் கோட்டை வாசலை அவர்தான் கட்டிக்கொண்டிருந்தார். மூங்கில் பாய், அதன் மேல் சிமெண்டுப் பைத் தாள், அதன் மேல் சுண்ணாம்பில் கல் கல்லாகக் கோடு. மிக நல்ல மனிதர், என்னை பர்மா வழக்கப்படி 'மம', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். யாரையும் சங்கடப்படுத்தும்படி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

பெட்டியில் ஏறியதுமே பக்கத்து சீட்டுகள் காலியாகிவிட்டன. எங்கள் ஈட்டிகளைப் பார்த்து ஒரு மீன்காரி கூடையோடு அடுத்த பெட்டிக்கே போய்விட்டாள். டிக்கெட் செக்கர் நம் தமிழ் ஆள். கேடயங்களை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு என் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சண்டைக்குப் போறவங்க ரிட்டர்ன் டிக்கெட் எடுத்து நான் பார்த்ததே இல்லம்மா."

கொடிகள்

கோட்டை ஆயிற்று, கொடிக்குத் துணி இல்லை. கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபின் துணி ரேஷன் கார்டுக்குத்தான் கிடைக்கும், அதுவும் வெள்ளைத் துணி. மேரியம்மாள் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் போய் அவர்கள் உடுத்தும் பட்டு லுங்கிகளை இரவல் வாங்கி வந்தார். சிவப்பு, பச்சை, ஊதா, எல்லாம் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த நல்ல பட்டு. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் கத்தரி வைக்கவில்லை. கூர்மூலையாக மடித்து, ஊசி குத்தி, வாசல் வளைவு முழுக்கத் தொங்கவிட்டேன். பர்மா பெண்கள் லுங்கியின் இடுப்புப் பக்கம் ஒரு கறுப்புத் துணி வைத்துத் தைப்பார்கள் அல்லவா? மூடியில் இருந்த கொடிகளுக்கும் அப்படியே ஒரு கறுப்புக் கரை இருந்தது. எனக்கு ஒரே பூரிப்பு.

கோ தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாலடி தள்ளி நின்றே பார்த்தார். அதற்குப் பிறகு அவர் முன்வாசல் பக்கமே வரவில்லை. குப்பை வண்டி வரும் பின்சந்து வழியாக, சமையல்கட்டைச் சுற்றிக்கொண்டு போனார், வந்தார். களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். கொடிகள் எப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "ரொம்ப அழகு, மம. காத்து வந்தா இன்னும் நல்லா ஆடும்."

வாசலில் நின்ற சம்பந்தி

கல்யாணத்தன்று மாலை. ஊ சான் லின் வந்துவிட்டார். ரோஜா நிறப் பட்டுத் தலைப்பாகை, பின்னால் அண்ணன் தம்பிகள். தகரச் சட்டை போட்ட ஸ்டெல்லாவின் தம்பிகள் இருவரும் ட்ரம்பெட் ஊதினார்கள். செல்லம்மாவும் பெண்களும் வாசலுக்குள் வந்தார்கள். ஊ சான் லின் நிமிர்ந்து பார்த்தார், பார்த்தவர் இரண்டடி பின்வாங்கினார். அவர் பின்வாங்கியதும் ஆண்கள் அத்தனை பேரும் பின்வாங்கினார்கள்.

வெல்வெட் அங்கியும் கிரீடமுமாக நின்ற ஞானப்பிரகாசத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. வரவேற்பு போதவில்லை என்று நினைத்து இன்னொரு தரம் ஊதச் சொன்னார். ஊதினார்கள். யாரும் அசையவில்லை. செல்லம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன காரியம் பண்ணிட்டீங்க! பொம்பளை லுங்கிக்குக் கீழே எந்த பர்மா ஆம்பிளை நடப்பான்? அவங்க மகிமையெல்லாம் போயிடும்னு நம்புறவங்க ஆச்சே!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரங்கூனிலேயே பிறந்தவள் நான். பர்மா வீடுகளில் அந்த லுங்கியைக் கொல்லைப்புறத்தில் தாழ்வாகத்தான் உலர்த்துவார்கள் என்று எனக்கா தெரியாது? கொடி என்று பெயர் வைத்ததும் லுங்கி என்பதே மறந்து போய்விட்டது. சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த கோ தானைப் பிடித்துக்கொண்டு, ஏன் ஐயா சொல்லவில்லை என்று சீறினேன். "சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமே, மம. கிறிஸ்தவங்க வழக்கமோ என்னவோன்னு நினைச்சேன்."

சம்பந்தியைக் குப்பைச் சந்து வழியாக அழைத்துவர முடியுமா? ஏணி வாடகைக்காரரிடம் திரும்பிப் போயிருந்தது. தகரச் சட்டைப் பையன்களுக்குக் கை தோளுக்கு மேல் எழும்பாது. விஷயத்தைச் சொன்னபோது ஞானப்பிரகாசம் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஸ்டெல்லா உள்வாசலில் அழாமல் அழுதுகொண்டிருந்தாள். அவர் மகளைப் பார்த்தார், தன் கோட்டையைப் பார்த்தார். ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, அதன் மேல் நாற்காலியை வைத்து, அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே ஏறினார்.

ஒவ்வொரு ஊசியாகக் கழற்றினார். கழற்றக் கழற்ற லுங்கிகள் அவர் கிரீடத்தின் மேலும் முகத்தின் மேலும் விழுந்தன. "அந்தப் பச்சை என்னோடது, கிழிச்சிடாதீங்கண்ணே!" என்று அடுத்த வீட்டம்மா கத்தினாள். தெருவே சிரித்தது. ஊ சான் லின் மட்டும் சிரிக்கவில்லை. எங்களுக்கு அது வேடிக்கை. அவர் கண்ணுக்கோ, ஒரு ஆண்மகன் மகளுக்காகத் தன் மகிமை முழுவதையும் ஊர் பார்க்கத் தலையில் கொட்டிக்கொண்டிருந்தான். கடைசி லுங்கி விழுந்தபோது நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்து அதன் கால்களை இறுகப் பிடித்துக்கொண்டவர் அவர்தான். மனைவியிடம் கற்ற தமிழில், அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "சம்பந்தி, இறங்குங்க. விழுந்து வைக்காதீங்க. எனக்குப் பசிக்குது."

ஆகையால், சக அவஸ்தைக்காரர்களே, கல்யாணத்துக்குக் கோட்டை கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கடைசி விருந்தாளி உள்ளே வரும்வரை ஏணியை மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.