அறுபது எண்ணும்வரை மிதக்க வேண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை மைசூரிலிருந்து கடலுக்குப் போய்வந்தேன். ஒரே நாளில்! நண்பர் மஞ்சுநாத் கல்லூரியில் பாடம் எடுக்கிறவர். முப்பது மாணவர்கள், ஒரு பஸ். "துணைக்கு ஒரு பெரிய மனுஷன் வேணும்" என்றார். எனக்குச் சொல்லவா வேண்டும்?

வழியில், வயநாட்டுப் பக்கம், ஓர் ஆற்று மடு. மார்பளவுத் தண்ணீர், இழுப்பு கிடையாது. மஞ்சுநாத் அங்கேயே சட்டம் போட்டார். அறுபது எண்ணும்வரை மல்லாந்து மிதக்கிறவர்கள்தான் கடலில் இறங்கலாம். மற்றவர்களுக்கு மணல்தான்.

ஒவ்வொருவராகத் தேறினார்கள். மிச்சம் கவிதா. சென்ட்ரிங் வேலை செய்கிறவர் மகள். கடலையே பார்த்ததில்லை. இந்தக் கடல் பயணத்துக்காக ஒரு மாதம் பக்கெட்டில் முகத்தை விட்டு மூச்சடக்கிப் பழகினாளாம்!

பக்கெட் வேறு, ஆறு வேறு... பத்து எண்ணுவதற்குள் இடுப்பு மடங்கி உள்ளே போனாள். இருமிக்கொண்டே எழுந்தாள்.

"ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சும்மாவா சொன்னாங்கம்மா?" என்றேன், ஆறுதலாக.

"கால விட்டாத்தானே அங்கிள் ஆழம் தெரியும்?"

மறுபடி படுத்தாள். தோழிகள் உரக்க எண்ணினார்கள். இருபது... இருபத்தொன்று... அடுத்து நாற்பது! மஞ்சுநாத் காதில் விழாதவர்போல மரத்தைப் பார்த்தார்.

தண்ணீரிலிருந்து குரல் வந்தது - "ஏய், ஒழுங்கா எண்ணுங்கடி!"

வாயைத் திறந்தால் ஆறு சும்மா விடுமா? மூழ்கினாள்.

"சாக்கு கணே கவி, போதும்! நாங்களே பாஸ் போட்டிருப்போம்ல?" கன்னடமும் தமிழுமாகச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள் தோழி ரம்யா.

"இன்னும் ஒரே ஒரு சல, சார்" என்றாள் கவிதா. சல என்றால் கன்னடத்தில் தடவை.

"திரும்பறப்போ ராத்திரி ஒன்பதுக்குள்ள பந்திப்பூர் செக்போஸ்ட்டைத் தாண்டணும்மா. கேட்டை மூடிருவாங்க."

"ஒரு நிமிஷம்தானே சார்?"

மூன்றாவது முறை. பல் தந்தியடித்தது. கண்ணை வானத்தில் நிறுத்தினாள். இந்தத் தடவை யாரும் ஓர் எண்ணைக்கூட விழுங்கவில்லை. ஐம்பத்தெட்டு... ஐம்பத்தொன்பது... அறுபது! எழுபது வரை அவள் எழுந்திருக்கவே இல்லை.

கொடுக்கிற சலுகையை வேண்டாம் என்கிறவர்களைத் தடுத்து நிறுத்துவது ரொம்பக் கஷ்டம், தெரியுமா?

மத்தியானம் கடல். இடுப்பளவு அலையில் நின்று கவிதா கத்திய கத்தலில் மீனவர்களே திரும்பிப் பார்த்தார்கள். ஆசையாக நானும் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"சார்... அங்கிள் மெதந்தாரா?" அவள்தான் கேட்டாள்.

இந்தப் பத்தியை நான் எழுத ஆரம்பித்தது, முப்பது ஜோடி செருப்புக்குக் காவலாக மணலில் உட்கார்ந்துதான்!