விருந்தாளியோடு இருந்து கதைப்பது

மற்றவர்கள் நித்திரைக்குப் போகுமுன் பார்க்கிற தொலைக்காட்சி நிகழ்ச்சியை நான் காலைச் சாப்பாட்டோடு பார்க்கிறேன். விமான நிலையத்தில் இரவு ஷிப்ட் முடிந்து ஹவுன்ஸ்லோ வீட்டுக்கு வந்ததும், புட்டையும் சம்பலையும் தட்டில் போட்டுக்கொண்டு, பதிவாகியிருப்பதைப் போடுவேன். நீளமான சோபாவில் மூன்று நான்கு பிரபலங்கள் இருப்பார்கள். புதுப்படம் வருகிறது என்றுதான் வந்திருப்பார்கள். ஆனால் படத்தைப் பற்றி இரண்டு வசனம் மட்டுமே. மிச்சமெல்லாம் தாங்கள் அசடு வழிந்த கதைகள். உலகம் அறிந்த நடிகை ஒருத்தி, விருது வாங்கப் போன இடத்தில் தன் உடுப்புக் கிழிந்ததைச் சொல்கிறாள். சபை சிரிக்கிறது. அவளும் சேர்ந்து சிரிக்கிறாள்.

எனக்கு இது பெரிய புதினம், கண்டறியாத காட்சி. யாழ்ப்பாணத்தில் ஒரு பாடகர் வந்தால் மேடையில் ஏற்றி, பொன்னாடை போர்த்தி, ஆள் மாறி ஆள் புகழ்வோம். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். வேட்டி அவிழ்ந்த கதையை அவர் சொன்னால், கூப்பிட்ட எங்களுக்குத்தான் வெட்கம்.

மகள் கட்டப்போகிற பொடியன் டான், வெள்ளைக்காரன். அவனுடைய தாயும் தகப்பனும் முதல்தரம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, எனக்குத் தெரிந்த முறையில் குறை வைக்கவில்லை. அவர்களை மேசையில் இருத்தி, பக்கத்தில் நின்று பரிமாறினேன். விருந்தாளி எழும்பும்வரை நானும் மனைவியும் சாப்பிடவில்லை. கேள்வி ஒன்றும் கேட்டுச் சங்கடப்படுத்தவில்லை. அடுத்த நாள் மகள் போன் எடுத்தாள்.

"அப்பா, உங்களுக்கு இந்தக் கலியாணம் விருப்பமில்லையோ எண்டு டான்ர அம்மா கேக்கிறா. கொஞ்சம் பொறுத்துச் செய்வமாம்."

"ஆர் சொன்னது? திரும்பத் திரும்பச் சோறு போட்டனே."

"அதுதான் பிரச்சினை. ஒருக்காலும் இருக்கேல்லை, ஒண்டும் கதைக்கேல்லை. வெயிட்டர் மாதிரி நிண்டியள். அடுத்தமுறை இருந்து கதையுங்கோ, பிளீஸ்."

அதற்குப் பிறகு அந்த நிகழ்ச்சியை நான் பாடம் படிப்பதுபோலப் பார்த்தேன். அந்தச் சோபாவில் இருந்த யாரும் தங்கள் பெருமையைச் சொல்லவில்லை. தன்னைப் பார்த்துச் சிரிக்க விடுகிறவரிடம்தான் மற்றவர்கள் சாய்கிறார்கள். அப்படி ஒரு கதை என்னிடமும் இருந்தது.

இரண்டாம்முறை அவர்கள் வந்தபோது, சோற்றுச் சட்டியோடு போய் டானின் தாய்க்குப் பக்கத்தில் இருந்தேன். மனைவி வாசலில் நின்று, எழும்பச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். நான் அவளைப் பார்க்காமல், எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் தொடங்கினேன். அகதி விசாரணைக்குக் குரோய்டனுக்குப் போன நாள். அந்த அலுவலகத்தில் தரை முழுக்கக் கார்ப்பெட். மிதித்து ஊத்தையாக்கக்கூடாது என்று வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்தேன். பெயர் கூப்பிட்டார்கள். ஒரு காலில் கறுப்பும் மற்றதில் மண்ணிறமுமாகக் காலுறை போட்டபடி, அதிகாரிக்கு முன்னால் போய் இருந்தேன்.

டானின் தகப்பன் மேசையில் தட்டிச் சிரித்தார். மகள் இதை முன்பு கேட்டதில்லை. சிரிக்கத் தொடங்கி, பாதியில் என் முகத்தைப் பார்த்தாள். மனைவி குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விட்டாள். "வந்த சனத்துக்கு முன்னால ஆரும் தன்ர மானத்தை விப்பினமோ?" என்று அங்கிருந்து கேட்டது. நல்லகாலம், தமிழ்.

டானின் தாய் மட்டும் சிரிக்கவில்லை. அந்த அதிகாரி என்ன சொன்னார் என்று கேட்டா.

"குளிருதா எண்டு கேட்டார்," என்றேன். அப்போதுதான் அவவும் சிரித்தா. கலியாணத்தில் தாங்களும் சப்பாத்துக் கழற்ற வேண்டுமா என்றா.

"யெஸ். மணவறைக்கு ஏற முதல்."

"அப்படியென்றால் நல்ல காலுறை வாங்கவேணும்," என்று புருஷனைப் பார்த்துச் சொன்னா. மகள் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

பிறகு அவ வெறுந்தட்டை என் பக்கம் நீட்டினா. பழக்கத்தில் கால்கள் நிமிர்ந்துவிட்டன. மகள், "அப்பா, சிட்," என்றாள். உள்ளேயிருந்து மனைவி, "எழும்பிப் போடுங்கோ," என்றாள். இருப்பும் இல்லாமல் நிற்பும் இல்லாமல், முழங்கால் பாதி மடிந்தபடி, நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.