மூன்று சிம்

ராஜபாளையத்தில் நான் சிம் கார்டு விற்ற கடைக்கு ஒரு காலை அவர் வந்தார். மீசை நரைத்த முன்னாள் ராணுவக்காரர். பேசும்போதே சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

"டேட்டா எம்புட்டு வேணும்யா?" என்றேன்.

"அது கெடக்கட்டும் தம்பி. கிருஷ்ணன்கோவில்ல எம் மகன் தங்கிப் படிக்கிற ரூமுக்குள்ள எந்த சிம்முக்கு டவர் கிடைக்கும்? அவனுக்கு வலிப்பு வரும். நேத்து வந்து விழுந்திருக்கான். முழிச்ச பொறவும் யாரையும் கூப்பிட முடியல."

வழக்கமாக, எல்லாமே கிடைக்கும் என்றுதான் சொல்வேன். அன்று, "ரூமுக்குள்ள போட்டுப் பாத்தாத்தான்யா தெரியும்" என்றேன். அவர் மூன்று கம்பெனி சிம்மையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

மாலையில் கடைக்குப் போன் வந்தது.

"மகன் ரூம்லருந்துதான் பேசுதேன். கேக்குதா?"

"நல்லா கேக்குதுய்யா."

"கதவச் சாத்துதேன், வச்சிராதீய." கதவு சாத்தும் சத்தம். "இப்பவும் கேக்குதா?"

கேட்டது. அவர் அழுவதும் கேட்டது.